பிறர் தவறால் ஓர் உயிர் போனால்: திருகோணமலைக் குடும்பங்களுக்கான நட்டஈட்டு வழிகாட்டி

முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடியும்வரை ஒரு சைவக் குடும்பம் வெளிக்காரியம் எதையும் தொடுவதில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாட்களும் இத்தா இருக்கிறார். துக்கத்துக்கு நம் முன்னோர் ஒதுக்கிய காலம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சட்டம் அந்த நாட்களிலும் கெடுவை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய இருப்பது ஒரு மாதம். வீதியில் லொறி மோதி இறந்தால், முச்சந்திக் கடையின் கண்காணிப்புக் கமெராப் பதிவு சில வாரங்களிலேயே அழிந்துவிடக்கூடும். குடும்பம் அழுது முடித்து நிமிரும்போது வழக்கின் பாதி கைநழுவிப் போயிருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் ஒருவராவது, ஒரு மச்சானோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு ஆசிரியரோ, துக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டுக் கடதாசி வேலையைப் பொறுப்பெடுக்க வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்பதை அவருக்காகவே படிப்படியாகச் சொல்கிறேன். பணம் கேட்பது இறந்தவரை விலைபேசுவது ஆகாது. அவர் இருந்திருந்தால் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் சோறும் படிப்பும்தான் அந்தப் பணம்.

முதற்படி: இது வழக்குக்குரிய மரணமா என்று பாருங்கள்

இலங்கையின் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். அதன்படி மூன்று விடயங்களை நிறுவ வேண்டும். எதிராளி எடுத்திருக்க வேண்டிய கவனத்தை எடுக்கவில்லை, அந்தக் கவலையீனமே மரணத்துக்குக் காரணம், அந்த மரணத்தால் உங்களுக்கு நட்டம் ஏற்பட்டது. இந்த மூன்றும் திருகோணமலையில் பெரும்பாலும் எங்கே கூடி வருகின்றன என்று பார்ப்போம்.

வீதிதான் முதலில். கொழும்பை நோக்கிப் போகும் ஏ6, அனுராதபுரம் பக்கம் போகும் ஏ12, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 ஆகிய மூன்றிலும் இரவில் விளக்கின்றி நிற்கும் உழவு இயந்திரம், போட்டி போட்டு ஓடும் பஸ், நித்திரைக் கலக்கத்தில் ஓட்டப்படும் லொறி என்பன காணாத காட்சிகள் அல்ல. ஓட்டுநரோடு வாகன உரிமையாளரும் பொறுப்பாளியாகலாம். உரிமையாளரின் வேலைக்காக ஓட்டியபோது விபத்து நடந்திருந்தால் அவர் விலகிக்கொள்ள முடியாது. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தில் பாதுகாப்பற்ற புகையிரதக் கடவையில் நடந்த மரணம் என்றால் எதிராளி அரசாகவும் இருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். 2021 நவம்பர் 23ஆம் திகதி, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதைக் கிண்ணியா மறக்கவில்லை. ஒரு படகு கவிழ்ந்தால் ஓட்டியவரை மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது போதாது. அந்தச் சேவைக்கு அனுமதி கொடுத்தவர் யார்? எத்தனை பேரை ஏற்றலாம் என்று எழுதப்பட்டிருந்தது? உயிர்காப்பு அங்கி இருந்ததா? மக்கள் வேறு வழியில்லாமல் அதில் ஏற வேண்டிய நிலையை உருவாக்கியவர் யார்? இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் இன்னொரு பொறுப்பாளியிடம் கொண்டுபோய் நிறுத்தும். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகு, திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு, ஹோட்டல் நீச்சல் குளம் எல்லாவற்றுக்கும் இதே கேள்விகள்தான்.

வேலைத்தள மரணங்கள் மூன்றாவது. சாரத்திலிருந்து விழும் மேசன், கல் குவாரி வெடியில் சிக்கும் கூலியாள், சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலையில் இயந்திரத்தில் அகப்படும் இளைஞன், சம்மாட்டியின், அதாவது படகு முதலாளியின், படகில் போய்த் திரும்பாத கடற்றொழிலாளி என்று பட்டியல் நீளும். இவற்றுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

வைத்தியசாலை மரணங்கள் எல்லாவற்றிலும் கடினமானவை. சிகிச்சை பலிக்காமல் போவது வேறு, கவலையீனம் வேறு. 2001இல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறுமியின் மரணம் தொடர்பான வழக்கில் வைத்தியர் கவலையீனமாக நடந்தார் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தக் கவலையீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்பது நிறுவப்படவில்லை என்று கூறி, பெற்றோருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மூளையில் இருந்த கட்டி எப்படியும் உயிரைப் பறித்திருக்கும் என்பதே அங்கே தடையாக நின்றது. வைத்தியர் பிழை விட்டார் என்று காட்டினால் போதும் என்று நினைக்கும் குடும்பங்கள் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்திருக்க வேண்டும். சரியான நேரத்தில் சரியானது செய்யப்பட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல இன்னொரு விசேட வைத்திய நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டும்.

அறுந்து கிடந்த மின்கம்பி, பன்றிக்கும் யானைக்கும் சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலி, மூடாமல் விட்ட பொதுக் கிணறு, உடைந்த வடிகால் மூடி என்பனவும் வழக்குக்குரியவையே. காட்டு யானை தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களம் இழப்பீடு கொடுக்கிறது. அதற்கு யாருடைய தவறையும் நிறுவத் தேவையில்லை. மொறவெவ, கோமரங்கடவல பக்கத்தவர்கள் பிரதேச செயலகம் வழியாக உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது, இந்த மண்ணில் சொல்லாமல் விட முடியாதது: பொலிஸ் அல்லது படையினர் கையில் நேரும் மரணம். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில், போதிய சாட்சியம் இல்லை என்று நீதவான் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் சிலர் அச்சத்தால் நாட்டை விட்டே போயிருந்தார்கள். சாட்சியைக் காப்பாற்றாத வழக்கு என்னவாகும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்புத் தரும் சட்டம் 2015இல் வந்தது. அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இப்போது நடைமுறையில் இருக்கிறது. அச்சுறுத்தல் வந்தால் அந்தச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கேளுங்கள். கேட்டதையும் எழுத்தில் வைத்திருங்கள்.

இரண்டாம் படி: மரண விசாரணையை விட்டுவிடாதீர்கள்

என் கணிப்பில் முழு வழிகாட்டியிலும் முக்கியமான பகுதி இதுதான். இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் பின்னால் வரும் பிழைகள் பலவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

திடீர் மரணம், விபத்து, சந்தேகத்துக்குரிய மரணம் எதுவானாலும் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி மரண விசாரணை நடக்க வேண்டும். வழமையாகத் திடீர் மரண விசாரணை அதிகாரி அதை நடத்துவார். காவலில் நடந்த மரணமென்றால் நீதவானே நடத்த வேண்டும். உடலைச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதித்து அறிக்கை தருவார்.

விசாரணை அதிகாரி குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டு வாக்குமூலம் எடுப்பார். வழக்கின் தலைவிதி அங்கேதான் எழுதப்படுகிறது. “எங்களுக்கு ஒருவர் மீதும் சந்தேகமில்லை” என்ற ஒரு வரி பல வாக்குமூலங்களில் வழக்கமாகச் சேர்ந்துவிடுகிறது. உடலைச் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும் என்ற அவசரத்தில் குடும்பமும் கையொப்பம் வைக்கிறது. இரண்டு வருடம் கழித்து எதிராளியின் சட்டத்தரணி அந்த வரியைத்தான் முதலில் வாசிப்பார். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “நடந்ததை நாங்கள் நேரில் காணவில்லை, விசாரணை வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். சந்தேகமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எழுதப்பட்டதை உங்களுக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டாமல் கையொப்பம் வைக்க வேண்டாம். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிருவாக மொழி. தமிழில் முறைப்பாடு செய்வதும் தமிழில் வாக்குமூலம் கொடுப்பதும் உங்களுக்கு அரசியலமைப்புத் தரும் உரிமை. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் எழுதினால், தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருப்பேன் என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் பக்க இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பிரதி எடுக்க அந்த இலக்கம்தான் உதவும்.

பிரேத பரிசோதனை வேண்டாம் என்று கெஞ்சும் குடும்பங்களை நான் புரிந்துகொள்கிறேன். ஜனாஸாவை அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்பது மார்க்கக் கடமை. தாயின் உடலைக் கீறுவதை எந்தப் பிள்ளையால்தான் பொறுக்க முடியும்? ஆனாலும் மரணத்தின் காரணம் அந்த அறிக்கையில் இல்லாவிட்டால் பிறகு அதை நிறுவ வேறு நல்ல வழி அநேகமாக இல்லை. புதைத்த உடலை நீதவானின் கட்டளையின் பேரில் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கலாம்தான். அது குடும்பத்துக்கு இரண்டாவது மரணமாகிவிடும். உடலை எரித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடுகிறது. எனவே பரிசோதனையை விரைவுபடுத்தக் கேளுங்கள், தவிர்க்கக் கேட்காதீர்கள். பள்ளிவாசல் நிருவாகமோ கிராம உத்தியோகத்தரோ சட்ட வைத்திய அதிகாரியோடு பேசினால் காரியம் சீக்கிரமாகக்கூடும். காவலில் நடந்த மரணமாகவோ வைத்தியசாலைத் தவறு என்ற சந்தேகமாகவோ இருந்தால், தகனம் செய்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசிவிடுங்கள்.

அதே நாட்களில் வீட்டு இளைஞர்கள் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. இடத்தைப் பகலிலும் இரவிலும் படம் எடுங்கள்: சில்லுத் தடம், தெருவிளக்கு, எச்சரிக்கைப் பலகை இருந்ததா இல்லையா என்பது. வாகன இலக்கத்தையும் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் காப்புறுதி விபரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளில் கமெராப் பதிவைக் காட்டச் சொல்லி, அழியாமல் வைத்திருக்கும்படி பொலிஸாரிடம் எழுத்தில் கேளுங்கள். கண்டவர்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டும். இறந்தவரின் உடுப்பு, தலைக்கவசம், கைப்பேசி எதையும் கழுவவோ எறியவோ வேண்டாம்.

மூன்றாம் படி: செத்த வீட்டில் ஒன்றிலும் கையொப்பம் வைக்காதீர்கள்

மூன்றாம் நாளோ எட்டுச் செலவன்றோ ஒருவர் வருவார். அநேகமாக நல்லவராகவே இருப்பார்: ஊர்ப் பெரியவர், முதலாளியின் உறவினர், சில வேளை அரசியல்வாதியின் ஆள். சவச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுப்பார். கூடவே ஒரு கடிதம் இருக்கும்: இத்தோடு எங்களுக்கு வேறு கோரிக்கை எதுவும் இல்லை.

பணத்தை வாங்குவதில் குற்றமில்லை. கையில் காசில்லாத வீட்டுக்குச் சவச் செலவே பெரிய பாரம். வாங்கினால் “சவச் செலவுக்காக மாத்திரம்” என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். முழுத் தீர்வு என்று எழுதிய கடிதத்தில் மட்டும் கையொப்பம் வைக்காதீர்கள். பால்குடிப் பிள்ளையின் அடுத்த பதினெட்டு வருடங்களுக்கான உரிமையை அழுது வீங்கிய கண்களோடு யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்படி ஏற்கெனவே கையொப்பம் வைத்துவிட்டீர்கள் என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஒதுங்கவும் வேண்டாம். பிள்ளைகளின் உரிமை தாயின் உரிமையிலிருந்து வேறானது. கடிதத்தின் பிரதியோடு சட்டத்தரணியிடம் போங்கள்.

வேலைத்தள மரணமென்றால் இன்னும் ஒரு பாதுகாப்பு உண்டு. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டப்படி, மரணத்துக்கான நட்டஈட்டை முதலாளி வேலையாட்களுக்கான நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். ஆணையாளரே தங்கிவாழ்வோருக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். வீட்டு முற்றத்தில் கொடுத்த காசு அந்தக் கடமைக்கு ஈடாகாது.

நான்காம் படி: எந்தக் கதவைத் தட்டுவது, எத்தனை நாட்களுக்குள்

ஒரே மரணத்துக்குப் பல வழிகள் திறந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு உண்டு.

குற்ற வழக்கைப் பொலிஸார் தொடுப்பார்கள். கவலையீனத்தால் மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை விதிக்கலாம். தண்டனையோடு ஒரு சிறு நட்டஈடு கட்டளையிடவும் நீதவானுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் இந்த வழக்கு முடியட்டும், பிறகு நட்டஈட்டைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் நம்மூரில் நடக்கும் ஆகப் பெரிய பிழை. நட்டஈட்டு வழக்குக்குக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வருடம் தருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் தவணை மாறி மாறி அந்த இரண்டு வருடமும் ஓடிப்போகும். இரண்டு வழக்குகளும் ஒரே காலத்தில் நடக்கலாம். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் நட்டஈட்டு வழக்கு அதனால் தோற்றுவிடாது. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவ வேண்டும். நட்டஈட்டுக்கு எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

நட்டஈட்டு வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும். சம்பவம் நடந்த இடத்தையோ எதிராளி வசிக்கும் இடத்தையோ வைத்து எந்த நீதிமன்றம் என்று தீர்மானிக்கப்படும். வீதி விபத்தென்றால், மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயம் என்பதால், தீர்ப்புப் பணத்தைக் காப்புறுதி நிறுவனம் கட்ட வேண்டி வரும். அதற்கு வழக்குப் பற்றிய எழுத்து மூல அறிவித்தல் அந்த நிறுவனத்துக்கு உரிய காலத்தில் போயிருக்க வேண்டும். வழக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள். மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்றே தெரியாவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் இழப்பீடு கேட்கலாம். பொலிஸ் அறிக்கையில் “அடையாளம் காணப்படாத வாகனம்” என்று தெளிவாக இருக்க வேண்டும்.

எதிராளி அரசு அல்லது அரச உத்தியோகத்தர் என்றால், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அரசையும் தனியாளைப் போலவே பொறுப்பாக்குகிறது. வழக்குக்கு முன் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவின்படி ஒரு மாத எழுத்து மூல அறிவித்தல் கொடுக்க வேண்டும். கணக்கைக் கவனியுங்கள்: இரண்டு வருடம் முடிய இருபது நாள் இருக்கும்போது சட்டத்தரணியிடம் போனால் அந்த ஒரு மாதத்துக்கு இடமில்லை. பிரதேச சபை, நகர சபை போன்றவற்றுக்கு எதிராக வழக்குத் தொடுக்க அந்தந்தச் சட்டங்கள் இரண்டு வருடத்தைவிடக் குறுகிய கெடு விதிக்கின்றன. மூடாத கிணறும் உடைந்த வடிகாலும் இந்த வகைக்குள் வரும் என்பதால், முதல் மாதத்திலேயே ஆலோசனை பெறுங்கள்.

வேலைத்தள மரணத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. முதலாளியின் கவலையீனத்தை இதில் நிறுவ வேண்டியதில்லை. வேலையின் போது வேலை காரணமாக விபத்து நடந்தது என்றால் போதும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்துகளையும் உள்ளடக்கியது. இங்கே ஒரு தெரிவு உண்டு. முதலாளிக்கு எதிராக ஆணையாளரிடமும் மாவட்ட நீதிமன்றத்திலும் ஒருசேரக் கேட்க முடியாது. முதலாளியின் தவறு வெளிப்படையாகவும் இறந்தவரின் வருமானம் பெரிதாகவும் இருந்தால் நீதிமன்றம் அதிகம் தரலாம்; தவறை நிறுவுவது சந்தேகமென்றால் ஆணையாளரின் வழி பாதுகாப்பானது. கடற்றொழிலில் பங்குக்குப் போனவரைத் தொழிலாளி அல்ல, பங்காளி என்று சம்மாட்டி வாதிடக்கூடும். யார் படகு, யார் எண்ணெய்க் காசு, யார் சொல்லிக் கடலுக்குப் போனார் என்பதற்கு மற்றத் தொழிலாளரின் சாட்சியை அப்போதே எடுத்து வையுங்கள். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் எப்படியும் குடும்பத்துக்கு உரியவை. சேமலாப நிதியைத் தொழில் அலுவலகத்திலும், நம்பிக்கை நிதியை அதற்கான சபையிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

காவல் மரணத்துக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உச்ச நீதிமன்றம். ஒரு மாதம், அதற்கு மேல் இல்லை. இறந்தவரின் மனைவி இந்த மனுவைத் தாக்கல் செய்யலாம் என்பதையும், உயிர் வாழும் உரிமை நமது அரசியலமைப்பில் உள்ளடங்கியிருக்கிறது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொழும்புக்குப் போக இயலாவிட்டால், அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். ஆணைக்குழுவின் விசாரணை நடக்கும் காலத்தை அந்த ஒரு மாதத்தில் சேர்க்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இத்தா இருக்கும் மனைவிக்கும், நடமாட இயலாத தாய்க்கும் இது பெரிய வழி. உறவினர் ஒருவர் அவர்கள் சார்பில் முறைப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஐந்தாம் படி: யாருக்கு உரிமை, எவ்வளவு கேட்பது

இறந்தவரின் உழைப்பில் சட்டப்படி தங்கி வாழ்ந்தவர்கள் கேட்கலாம்: மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், அவர் பராமரித்த வயது போன பெற்றோர். நீண்டகாலம் நமது சட்டம் பண நட்டத்தை மட்டுமே பார்த்தது. மேலே சொன்ன 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பும் துயரத்துக்குப் பணம் இல்லை என்றுதான் கூறியது. பள்ளிப் பிள்ளையை இழந்த தாய்க்கு அதனால் ஒன்றும் கிடைக்காமல் போனது, ஏனென்றால் அந்தப் பிள்ளை உழைத்துக் கொடுக்கவில்லை. இந்த அநியாயத்தை 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் திருத்தியது. ஒருவரின் மரணத்தால் இழந்த பராமரிப்புக்கும் உறவின் துணைக்கும் நெருங்கிய குடும்பத்தினர் இப்போது நட்டஈடு கேட்கலாம். குழந்தையின் மரணத்துக்கு வழக்கில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் சொல்வது பழைய சட்டம்.

பண நட்டத்தைக் கணக்கிடும் முறையை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். 38 வயது ஓட்டோச் சாரதி மாதம் 60,000 ரூபா உழைத்தார். தன் சாப்பாடு, கைச்செலவு 15,000. வீட்டுக்கு வந்தது 45,000, அதாவது வருடத்துக்கு 5,40,000. அறுபது வயது வரை உழைத்திருப்பார் என்றால் 22 வருடங்களுக்கு 1,18,80,000 ரூபா. நீதிமன்றம் இதை அப்படியே தராது. பணம் மொத்தமாக ஒரே தடவையில் கிடைப்பதாலும், வாழ்க்கையில் நோயும் வேலையின்மையும் வரக்கூடும் என்பதாலும் குறைக்கும். இறந்தவரிலும் தவறு இருந்தால், உதாரணமாகத் தலைக்கவசம் அணியாமல் போயிருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய பங்குக்கு ஏற்பக் கழிக்கும். அவரிலும் பிழை இருக்கிறது என்பதற்காக வழக்கையே கைவிட வேண்டியதில்லை. தொகை குறையும், உரிமை அழியாது.

வருமானத்தைக் காட்டுவதுதான் நம்மவர்களுக்குச் சிக்கல். சம்பளச் சீட்டு உள்ளவர்கள் சிலரே. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு, மீன் முதலாளியின் கொப்பி, நெல் விற்ற பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், தவறாமல் கட்டிய லீசிங் தவணை, பிள்ளைகளின் ரியூசன் காசு யார் கட்டினார் என்ற ஆசிரியரின் சாட்சி என்று எல்லாமே உதவும். வீட்டை மட்டும் பார்த்த மனைவி இறந்தாலும் நட்டம் உண்டு. அவர் செய்த வேலைக்கு ஆள் வைத்தால் என்ன செலவாகும் என்று கணக்குக் காட்டலாம்.

ஆறாம் படி: கோப்பு

மரண அத்தாட்சிப் பத்திரம், பிரேத பரிசோதனை அறிக்கை, மரண விசாரணைக் குறிப்பு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, நீதவான் நீதிமன்ற வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. இவற்றில் கடைசி இரண்டுக்கும் நேரத்தோடு கவனம் வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்த தம்பதியர் இங்கே அநேகர். யுத்தத்திலும் சுனாமியிலும் ஆவணம் இழந்தவர்களும் இருக்கிறார்கள். ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்ததை நீதிமன்றம் ஏற்கலாம். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்று, வாக்காளர் இடாப்பு, பூசகரின் சத்தியக் கடதாசி, கலியாணப் படம் வேண்டும். பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லாத பிள்ளைக்கு இன்னும் கூடுதல் வேலை இருக்கும்.

வைத்தியசாலையின் நோயாளர் கட்டில் குறிப்பேடு குடும்பத்தின் கைக்குச் சுலபமாக வராது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் மருத்துவக் குறிப்புகளுக்கு விலக்கு வைத்திருக்கிறது. நீதிமன்றக் கட்டளை மூலம் வரவழைப்பதே நிச்சயமான வழி. அதுவரை அந்த ஏட்டைப் பத்திரப்படுத்தும்படி வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கேட்டுப் பிரதியை வைத்திருங்கள். வைத்தியரின் நடத்தை பற்றி இலங்கை மருத்துவ சபையிடம் தனியாக முறைப்பாடு செய்யலாம். அங்கே ஒழுக்காற்று விசாரணை நடக்கும், நட்டஈடு கிடைக்காது.

ஏழாம் படி: சட்டத்தரணி

காசில்லை என்பதால் ஒதுங்க வேண்டாம். 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழு திருகோணமலையிலும் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே வழக்குப் பேசுவார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றோடு போங்கள்.

தனிச் சட்டத்தரணியை அமர்த்தினால் முதல் நாளே மூன்று கேள்விகள் கேளுங்கள். வழக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் திகதி எது? அறிவித்தல் யார் யாருக்கு, எப்போது போகும்? செலவும் கூலியும் எப்படி, எந்தக் கட்டத்தில்? பதிலை எழுதி வாங்குங்கள். கூசத் தேவையில்லை, நல்ல சட்டத்தரணி இந்தக் கேள்விகளை மதிப்பார். காப்புறுதி நிறுவனத்தின் தூதுவராக வைத்தியசாலை வாசலிலேயே வந்து நிற்கும் தரகர்களை மட்டும் வீட்டுப் படியேற விடாதீர்கள்.

எட்டாம் படி: வழக்கும் அதற்குப் பிறகும்

முதலில் எதிராளிக்குக் கோரிக்கைக் கடிதம் போகும். பதில் வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ வழக்குரை தாக்கல் செய்யப்படும். வயது வராத பிள்ளைகள் சார்பில் தாயோ வேறொரு பெரியவரோ நீதிமன்ற அனுமதியோடு நிற்பார். பிறகு எதிராளியின் விடை, சாட்சியம் எடுப்பதற்கு முந்திய விசாரணை, அதன் பின் சாட்சியம். வருடக்கணக்கில் இழுபடும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் குடும்பத்தில் ஒருவராவது போங்கள். வழக்காளி வராத வழக்கு தள்ளுபடியாகும்.

நடுவில் சமரசப் பேச்சு வரும். இப்போது உங்களிடம் அறிக்கைகளும் கணக்கும் சட்டத்தரணியும் இருக்கின்றன என்பதால், செத்த வீட்டில் மறுத்த பேச்சை இங்கே கேட்கலாம். மேலே பார்த்ததைப் போல ஒரு கணக்கைப் போட்டு, வழக்கு எத்தனை வருடம் ஓடும், தோற்கும் அபாயம் எவ்வளவு என்பதையும் எடைபோட்டுத் தீர்மானியுங்கள். பிள்ளைகளின் பங்கைத் தொடும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

தீர்ப்பில் தோற்றால், பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், தீர்ப்பிலிருந்து அறுபது நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் சிவில் மேன்முறையீட்டு அதிகாரமுள்ள மாகாண மேல் நீதிமன்றத்துக்காகத் தாக்கல் செய்யப்பட வேண்டும். வென்றால், தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதியை எடுத்துக் காப்புறுதி நிறுவனத்துக்கோ எதிராளிக்கோ கொடுங்கள். கட்டாவிட்டால் கட்டளையை நிறைவேற்றும்படி அதே நீதிமன்றத்தில் விண்ணப்பித்து எதிராளியின் சொத்தைக் கைப்பற்றலாம். பிள்ளைகளின் பங்கு பதினெட்டு வயது வரை வங்கியில் வைப்பிலிடப்படும். படிப்புக்கோ மருந்துக்கோ இடையில் தேவைப்பட்டால் தாய் காரணத்தைக் காட்டி நீதிமன்றத்தில் விண்ணப்பித்து ஒரு பகுதியை எடுக்கலாம்.